நடுவில் மட்டும் மெழுகு

"அங்க பல்லு கிட்டிக்கிற குளிரும்மா. நீ வருவியா?" என்று கல்யாணமான புதிதில் பாலாஜி கேட்டான்.

"ஃப்ரிட்ஜைத் தெறந்தாலே எனக்குத் தும்மல் வரும். நான் எங்க வர்றது," என்றாள் தேவிப்ரியா.

"அப்ப வேணாம் விடு."

"அவ்ளோதானா?"

"வேற என்ன?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். இன்னொரு தரம் கேட்பான், அப்போது ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவன் கேட்கவில்லை. வேலைக்காக நார்வே போய் இரண்டு வருடமாகிவிட்டது. அவளுக்குக் குளிர் ஆகாது, வற்புறுத்தாதே என்று அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தான். போன மார்கழியில் பஸ் ஸ்டாண்ட் எதிரே கம்பளி விற்றவரிடம் அவள் ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்கினாள். காஞ்சிபுரத்தில் இதை எங்கே போடுவாய் என்று மாமியார் பூவம்மாள் கேட்டதற்கு, மலிவாகக் கிடைத்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது பாலாஜியோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர் காலி செய்துவிட்டார். ஏனாத்தூர் காலேஜில் அவனோடு கூடப் படித்த கமல் அந்த இடத்தைக் கேட்டிருந்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். கமல் வந்துவிட்டால் இன்னொரு வருடத்துக்கு அங்கே அவளுக்கு இடமில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வீடியோவில் அழைத்தான். அங்கே அப்போதுதான் காலை. வாசற்படியில் இரண்டு நீளமான ஸ்கீ பலகைகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். பனிமேல் நடப்பதும் சறுக்குவதுமாகப் போகிற பலகைகள். ஆபீஸில் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்களாம்.

"போன வாரம் மானம் போச்சு தேவி. கால் பின்னாடி வழுக்காம இருக்க மெழுகு தடவணும். நான் நுனியில இருந்து நுனி வரைக்கும் தடவிட்டேன். பலகை நகரவே இல்ல. சின்னப் புள்ளைங்க என்னைத் தாண்டிப் போய்க்கினு இருக்குதுங்க."

"ஏன் முழுசா தடவுனீங்க?"

"தறிக்கு ஏத்தற பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது ஒரு இடம் விட்டுப்போனாலும் அப்பா திட்டுவாரே. கை அப்படியே போயிடுச்சு."

பூவம்மாள் எட்டிப் பார்த்தாள். "கட்டைக்குக் கஞ்சி போட்டுட்டு வந்து நிக்கிறான். இதுக்காடா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சது," என்று சொல்லிவிட்டுத் தறிப் பக்கம் போனாள்.

பாலாஜி பலகையைத் துடைத்தான். குதிகால் வரும் இடத்திலிருந்து முன்பக்கமாக இரண்டரைச் சாண் அளந்து அந்த நடுப்பகுதியில் மட்டும் மெழுகுக் கட்டியை லேசாக இழுத்தான். அன்றைய குளிருக்கு ஏற்றது நீல மெழுகாம். தக்கையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தக்கை.

"ஒரே தரமா கனமாப் போட்டா என்ன?"

"பனி அப்பிக்கும். மெல்லிசு மெல்லிசாத்தான் ஏத்தணும்."

"அதுவாவது கஞ்சி மாதிரி இருக்குதே." சிரித்துவிட்டு, "சரி, பிடிக்கிற மெழுகைப் போட்டா அப்புறம் எப்படிச் சறுக்கும்?" என்று கேட்டாள்.

"பலகை நடுவுல வில்லு மாதிரி எழும்பி இருக்குது பாரு. சும்மா நின்னா நடுப்பக்கம் பனியில அழுந்தாது, வழுக்கிக்கினு போவும். ஒத்தக் கால்ல மொத்த பாரத்தையும் போட்டு மிதிச்சாத்தான் மெழுகு பிடிக்கும். பயந்துக்கினு பட்டும் படாம மிதிச்சா பின்னாடிதான் போவணும். எனக்கு அதுதான் இன்னும் வரல."

கடைசிப் பூச்சு முடிந்தது. பலகைகளைச் சுவரில் சாய்த்தான்.

"கொஞ்ச நேரம் வெளியில ஆறணும். அதுக்குள்ள கமலுக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லிடறேன். வெச்சிடட்டா?"

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் விரல் திரைக்கு அருகில் வந்தது.

"வெக்காதீங்க."

"என்னம்மா?"

"கமலுக்கு எதுவும் சொல்லாதீங்க."

"ஏன், அவன் நல்ல பையன்தானே?"

"நல்லவர்தான்." அவள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தும்மல் வந்தா வரட்டும். என்னை அங்க கூட்டிக்கினு போங்க."