ஐயங்கார்குளத்தில் நின்ற குரல்

மைக் செட் முனிரத்தினத்தின் மோரிஸ் காரைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் காது கொடுப்பார்கள். ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி. வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் ஒருவர் பழைய இரும்புக்குப் போட இருந்ததைக் கெஞ்சி வாங்கி, கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையரை உட்கார வைத்தான். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அவன்தான் வாய். திருவிழா, போலியோ சொட்டு மருந்து, டூரிங் டாக்கீஸ் புதுப் படம், யார் வீட்டிலாவது சாவு, எதுவானாலும் அவன் குரலில்தான் தெருவுக்குள் வரும்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் அந்தக் குரலுக்குச் சொந்த வேலை வந்தது. அவன் அப்பா மாசி காணாமல் போனார்.

மாசிக்கு எழுபத்திரண்டு வயது. ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. கடைசியில் பெற்ற பிள்ளையையே ஆண்டை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு, அவன் எதிரில் வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி எழுந்து நிற்பார். காணாமல் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. மருமகள் மலர்க்கொடி குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம்.

திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். விளம்பர வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகவேண்டும். அந்தக் காலத்து டைனமோவோ, வண்டி ஓடினால்தான் கரண்ட் கொடுக்கும், ஊர்ந்தால் சும்மா சுற்றும். அதற்குள் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியை உறிஞ்சிவிடும். மற்ற நாட்களில் நாலு தெருவில் பேசிவிட்டு, மெயின் ரோட்டில் விரட்டி ஒரு ஓட்டு ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்வான். அப்பனைத் தேடிப் போகிறவனுக்கு விரட்ட மனசு வருமா? புளியமரத்தடிக்குப் புளியமரத்தடி நின்று பார்த்தான். நாலாவது ஊரில் குரல் கம்மிப்போய் அடங்கிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற வரதன்தான் வழி சொன்னான். டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால், வண்டி நின்ற இடத்தில் நின்றாலும் சார்ஜ் ஏறுமாம். விபத்தில் நசுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றியது அவனிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து, தாங்குவதற்கு இரும்புப் பட்டை வெல்டிங் வைத்து, பெல்ட் மாற்றிப் பொருத்திக் கொடுத்தான். அந்த மோரிஸில் ஒரு ஏறுமாறு உண்டு. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் வண்டியின் பாடியோடு சேரும், அதில் பிளஸ்தான் சேரும். ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது.

"பழைய கணக்க மறந்துடு. இனிமே மைனஸுதான் பாடிக்கு. மாத்திக் குடுத்தினா உள்ள கீற டையோடு அத்தினியும் எரிஞ்சி பூடும்," என்றான் வரதன்.

முனிரத்தினம் தலையாட்டினான். அவன் கண் ரோட்டில் இருந்தது.

காலியாகிப்போன பேட்டரியைச் சார்ஜ் கடையில் போட்டு, புதன் காலை தோளில் சுமந்து வந்து தானே மாட்டினான். பதின்மூன்று வருஷமாக அந்த வண்டிக்கு அவன் கைதான் பேட்டரி மாட்டியது. கை அதன் பாட்டுக்குப் பிளஸ்ஸைப் பாடி வயருக்குக் கொண்டுபோனது. மைனஸ் முளைக்கென்று வரதன் மாற்றிவைத்த சின்னக் கிளாம்பு, தடித்த பிளஸ் முளையில் இறங்க மறுத்தது. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டி இறக்கினான். அந்தக் கிளாம்புக்கு இருந்த புத்திகூட அன்றைக்கு அவனுக்கு இல்லை.

இன்னொரு வயரை வைத்ததுதான் தாமதம், பொறி தெறித்துப் புகை கிளம்பியது. எரிந்த வயரைப் பிடுங்கிப் போட்டு, பேட்டரியைச் சரியாகத் திருப்பி மாட்டினான், ஆனால் ஆல்டர்னேட்டர் போனது போனதுதான். வரதனைத் தேடினால் செங்கல்பட்டுக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கலாம்தான். ஆனால் அப்பா போய் மூன்று நாள் ஆகிவிட்டது. பேட்டரி நிறைந்திருக்கிறது, அரை நாளாவது பேசும் என்று கிளம்பிவிட்டான்.

பேட்டரியும் சொன்ன சொல் தவறாமல் அரை நாள் பேசியது. ஐயங்கார்குளம் ஊர் தெரிகிற தூரத்தில், வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றது. கொஞ்ச தூரத்தில் வண்டியும் நின்றது. ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டு, கயிறு கட்டி உத்திரமேரூர் வரை இழுத்து வந்தார்.

வரதன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட முனிரத்தினத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேறொரு ஆல்டர்னேட்டர் தேடிப் பிடித்து, இந்தத் தடவை பேட்டரியையும் தானே மாட்டிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை முனிரத்தினம் நேராக ஐயங்கார்குளத்துக்கே போனான். குரல் நின்ற இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை என்று அவனுக்குப் பட்டது. வண்டி ஊர்ந்தது, குரல் கணீரென்று போனது. காணவில்லை, பெயர் மாசி, வயது எழுபத்திரண்டு, நீலக் கட்டம் போட்ட லுங்கி.

குளக்கரையில் வேர்க்கடலை விற்கிற அம்முலு ஓடி வந்து வண்டியை நிறுத்தினாள்.

"அவுரு இங்கதான் ரெண்டு நாளா மண்டபத்துல குந்திக்கினு இருந்தாரு, அண்ணா. பேரு இன்னான்னு கேட்டா சொல்லத் தெரில. நாந்தான் கூழு ஊத்துனேன். புதன்கெழம தூரமா உன் மைக்கு சத்தம் வந்திச்சி. எங்களுக்கு ஒரு வார்த்தயும் புரில. அவுரு மட்டும் எழுந்துட்டாரு. எம் புள்ள கூப்புட்றான்னு சொல்லிட்டு, சத்தம் வந்த பக்கமா நடந்தாரு."

முனிரத்தினம் கதவைத் திறந்து இறங்கினான். எந்தப் பக்கம் என்று கையால்தான் கேட்டான்.

"அப்பால சத்தம் நின்னு பூட்ச்சி. அந்த மூணு ரோட்டாண்ட காதுல கைய வெச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னாரு. நான் யாவாரத்தப் பாத்துட்டு திரும்புனா ஆளு இல்ல. புள்ள வந்து கூட்டிக்கினு பூட்டான்னு நெனச்சேன்."

பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோனவருக்குக் குரல் மறக்கவில்லை. இது தெரிந்து சந்தோஷப்படுவதா, செத்துப்போவதா? மூன்று ரோடு பிரிகிற இடத்துக்குப் போய் நின்று மூன்றையும் பார்த்தான். ஒன்றிலும் யாரும் இல்லை.

மாசியை அதற்கப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. தேடுவதை நிறுத்தும்படி உறவுக்காரர்கள் சொன்னது வெகுநாள் கழித்து. அன்று அவனுக்கு அதெல்லாம் தெரியாது. சீட்டில் ஏறி உட்கார்ந்து மைக்கை எடுத்தான். ஊராருக்குச் சொல்கிற வாசகம் நாக்குநுனியில் வந்தது. அதை விழுங்கினான்.

"நைனா, நான் முனிரத்தினம் பேசறேன். நீ நடக்காத. கீற எடத்துலயே குந்திக்கோ. நான் உன்னாண்ட வரேன்."

முதல் ரோட்டில் வண்டியை விட்டான். ஆள் நடக்கிற வேகம்தான். பொழுது சாய்கிறவரை அந்தக் குரல் ஒரு தடவைகூட நிற்கவில்லை.