முன் டிஃபரன்ஷியலும் இரண்டு சகலைகளும்

லாரிக்காரர் அக்காவைக் கட்டியவர், கடிகாரக்காரர் தங்கையைக் கட்டியவர். அந்த வகையில்தான் இருவரும் சகலைகள். மற்றபடி எண்ணெயும் தண்ணீரும். லாரிக்காரர் எதையும் பிடித்தால் முழுக்கையால் பிடிப்பார். கடிகாரக்காரர் காபி டம்ளரைக்கூட இரண்டு விரலால்தான் எடுப்பார். அவருக்கு லாரிக்காரர் வைத்த பெயர் குண்டூசி. அதை முகத்துக்கு நேராகவே சொல்வார்.

மாமியார் மலைமேல் இருந்த சிறு ஊரில் தையல் கடை போடுவதாக முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடைச் சாவி கிடைக்கும். ஆறு தையல் மெஷின்களும் அதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். கடைசி மூன்று மைல் சேற்றுப் பாதை. முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் லாரி ஏறும். ஆனால் குளிர் நாளில் முன் சக்கரத்துக்கு இழுவை கொடுத்தால் போதும், அடியில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் தூக்கத்தில் எழுப்பிய மனுஷனைப் போல முனகும்.

போன வாரம் சாப்பிட வந்தபோது கடிகாரக்காரர் அந்த முனகலைக் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பது சாதா கியர் ஆயிலாக இருந்தால் குளிரில் தேனாட்டம் கெட்டியாகிவிடும், சிந்தெடிக் ஆயில் என்றால் ஓடிப் பரவும் என்று சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்துக்குச் சொட்டு எண்ணெய் விடுகிறவர் லாரிக்கு வைத்தியம் சொல்கிறாரா என்று லாரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் சத்தம் போடாமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் வண்டியின் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். மூன்று லிட்டர் சிந்தெடிக் வீட்டுக்கு வந்தது. யோசனை யாருடையது என்பதை மட்டும் லாரிக்காரர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை.

ஞாயிறு காலை, மெஷின்களை ஏற்றுமுன் வேலையை முடித்துவிடலாம் என்று அவர் லாரிக்கு அடியில் நுழைந்தார். மாமியாரும் கடிகாரக்காரரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வழக்கமாக இதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் செய்கிற வேலை. ஆனாலும் சகலை முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

கடிகாரக்காரர் குனிந்து, ஊற்றுகிற துளையின் நட்டை முதலில் கழற்றிப் பார்க்கலாமே என்று மெல்லக் கேட்டார். லாரிக்காரர் காதில் வாங்கவில்லை. எண்ணெய் வடிக்கும் கீழ் நட்டைத் திருகினார். கன்னங்கரேலென்று பழைய எண்ணெய் சட்டியில் இறங்கியது. நட்டிலிருந்த காந்தத்தில் மை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. உடைந்த இரும்புச் சில்லு எதுவும் இல்லை. அப்படியானால் உள்ளே பல்சக்கரங்கள் நன்றாகத்தான் இருந்தன. துடைத்து, புது வாஷர் போட்டு, கீழ் நட்டை முடுக்கினார். பிறகு எண்ணெய் ஊற்றுகிற மேல் நட்டுக்குப் போனார்.

அது அசையவில்லை.

ஸ்பேனரை மாட்டி இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்து இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி, நட்டின் ஒரு மூலை மழுங்கியதுதான் மிச்சம். இருந்த எண்ணெயும் போய்விட்டது, புதிதாக ஊற்ற வழியும் இல்லை. வண்டியை நகர்த்தினால் உள்ளே வறட்டுச் சக்கரம் அரைத்துவிடும். மணி ஒன்பதரை. மாமியார் ஒரு மெஷின்மேல் உட்கார்ந்தார்.

அப்போது கடிகாரக்காரர் வெள்ளைச் சட்டையோடு அடியில் தவழ்ந்து வந்தார்.

"இப்படித் திருகாதீங்க, சகலை. பிடிச்சுக்கிட்ட திருகாணிய முதல்ல இறுக்கணும். ஒரு மயிரிழை. அப்புறம்தான் விடும்."

"கழற்றணும்னு சொன்னா இறுக்கச் சொல்றீங்களே!"

"துரு உடையுறதுக்குத்தான்."

துரு நீக்கும் எண்ணெயைச் சுற்றிலும் பீய்ச்சினார். சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் டொக் டொக் என்று தட்டினார். கால் மணி நேரம் தட்டினார், பேசினார், மறுபடி தட்டினார். மழுங்காத பக்கமாகப் பார்த்து ஸ்பேனரை மாட்டி, லாரிக்காரரின் கையைத் தன் கையோடு சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் இறுக்கி, உடனே எதிர்ப்பக்கம் அழுத்தினார். நட்டு 'கிறீச்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சுழன்றது.

லாரிக்காரர் மல்லாந்தபடியே கிடந்தார். சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. வாசலைப் பார்த்துச் சொன்னார்: "அத்தை, இந்த ஆயில் மாத்தச் சொன்னதே இவர்தான். நான் சொல்லாம மறைச்சுட்டேன்."

"அது எனக்கு நீங்க ஆயில் வாங்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும் மாப்பிள்ளை," என்றார் மாமியார். "உங்க மூஞ்சியே சொல்லிடுச்சு. எண்ணெய ஊத்துங்க."

கைப் பம்பால் ஒருவர் அழுத்த, ஒருவர் குழாயைப் பிடிக்க, துளையின் விளிம்பு தொட்டு வழியும்வரை ஊற்றினார்கள். வழிந்தது கடிகாரக்காரரின் காதுக்குள் போனது. வெள்ளைச் சட்டை அன்றோடு வேலைச் சட்டையானது.

மலைப் பாதையில் சேறு தொடங்கிய இடத்தில் முன் சக்கரத்துக்கு இழுவை கொடுத்தபோது மூவரும் முனகல் வருகிறதா என்று காதைத் தீட்டினார்கள். குளிர் நன்றாகவே இருந்தது. எஞ்சின் சத்தமும் பின்னால் மெஷின்கள் ஆடும் சத்தமும்தான் கேட்டன. லாரி வளைவுகளில் இலகுவாகத் திரும்பி ஏறியது. லாரிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். கடிகாரக்காரர் ஒரு காதைப் பொத்தி, எண்ணெய் போகாத காதால் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடையின் சொந்தக்காரர் இன்னும் சாவியோடு வரவில்லை. மாமியார் பூட்டிய கதவின் அகலத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். சகலைகள் இருவரும் லாரியின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டு டீ குடித்தார்கள்.

"பின்னாடி டிஃபரன்ஷியல்லயும் பழைய ஆயில்தான்," என்றார் லாரிக்காரர்.

"அடுத்த ஞாயிறு எனக்கு லீவுதான்," என்றார் கடிகாரக்காரர்.