ஐஸ்பெட்டியில் வந்த டியூப்

கடலூரில் ரத்த வங்கி டெக்னீஷியனாகப் பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன். மனிதர்கள் சொல்லும் சாக்குப்போக்கெல்லாம் அலுத்துவிட்டது. டியூப் மட்டும் பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை டியூபோடு வந்தவர் உத்திராபதி, நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுபவர். அவருடைய தங்கை ஞானாம்பாள் குமராட்சியில் நடவுக்குப் போகிறவள். இப்போது ரத்தம் வற்றிப்போய் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டியூபில் இருந்தது அவள் ரத்தம். இருட்டுவதற்குள் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

அவளுடைய குரூப்பிலேயே மூன்று பைகளை எடுத்து, அவள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். மூன்றிலும் கட்டி தட்டியது. தட்டினால் ஏற்றக் கூடாது. உத்திராபதி சட்டைக்கையை மடித்துவிட்டுத் தானே ரத்தம் கொடுத்தார். அதுவும் பால் திரிந்தாற்போல் ஆயிற்று.

"அம்மா சாவுல வந்த சண்டை. பதினோரு வருசமா அவகூட பேச்சில்ல. இன்னிக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே நர்சம்மா கையில டியூப வாங்கிக்கினு வந்துட்டேன். அதான் என் ரத்தத்த ஏத்துக்க மாட்டேங்குறா," என்றார்.

"ரத்தத்துக்கு ரோசமெல்லாம் கெடையாதுண்ணே," என்றேன் எரிச்சலாக. 'பொருந்தவில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். டியூபை நகர்த்தியபோது அதன் குளிரில் விரல் விறைத்தது.

"இத எதுல எடுத்தாந்தீங்க?"

"ஐஸ்பெட்டில. கூல்டிரிங்ஸ் கடையில ஐஸ் வாங்கி ஜாஸ்தியாவே கொட்டினேன். வெட்டுன கரும்பே வெயில்ல கெடந்தா சாறு கெட்டுப்போவுது. ரத்தம் கெடாதா?"

என் மேலேயே கோபம் வந்தது. வாங்கும்போதே தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி, குளிர் பட்டால் சிவப்பணுக்களைப் பிடித்துக்கொள்ளும். தன்னுடையது, பிறத்தியாருடையது என்று பார்க்காது. அமிலம் விட்டால் பிடி விடும், ஆனால் அணுக்களும் பாழாகும். இதற்கு உடம்புச் சூடே போதும். சேர்த்துப் பார்த்த டியூபுகளை முப்பத்தேழு டிகிரி தண்ணீரில் அரைமணி நேரம் வைத்தேன். கட்டிகள் கரைந்தன. ஆனாலும் ஐஸில் கிடந்த சாம்பிளை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"புதுசா எடுத்து, சூடு ஆறாம கொண்டாங்க. ஃபிளாஸ்க்குல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, அதுக்குள்ள வைங்க."

"மறுபடியும் நானா?"

"வேற யாரு இருக்கா?"

மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். வருவாரா என்று வாசலைப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

மூன்றரை மணிக்கு, துண்டில் சுற்றிய ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சூடு குறையாமலே சேர்த்துப் பார்த்தேன். நான்கிலும் கட்டி இல்லை.

"சேருதுண்ணே, உங்களோடதும்தான். சூடுபண்ணி ஏத்தச் சொல்லி எழுதியிருக்கேன். ஏன் இவ்ளோ லேட்டு?"

"ஊசின்னா அவளுக்கு சின்னதுலேந்தே பயம். என் கைய புடிச்சிக்கினா. ஐஸாட்டம் இருந்திச்சி மேடம் அவ கை. சூடாவுற வரைக்கும் ஒக்காந்துட்டேன்."