இல்லாத பிரேக்

ஆரப்பாளையத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இந்த ரோட்டில் எங்கே மாடு குறுக்கே வரும், எந்த மண்டபத்து வாசலில் முகூர்த்த நாளில் கார்கள் அடைத்து நிற்கும் என்பதெல்லாம் என் காலுக்கே தெரியும். ஒரு கோழி மேல்கூட ஏற்றியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட நல்லகாமன் அன்றைக்கு முன் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வாயையும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

காரை ஓட்டியது என் மாப்பிள்ளை சூரியபிரகாஷ். பின் சீட்டில் என் மனைவி பாண்டியம்மாளும் மகள் பாண்டீஸ்வரியும். மகளுக்கு ஏழாம் மாதம். திண்டுக்கல்லில் அவள் மாமியார் வீட்டில் அன்று காலையில்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. பிரசவத்துக்காக அவளைப் பரவையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். சொந்தக்காரர்களோடு வேனிலேயே வந்திருக்கலாம். வேன் குலுக்கும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அந்த அக்கறையை எப்படி வேண்டாமென்பது?

கார் குலுக்கவில்லைதான். நூற்றுப் பதினைந்தில் போகும்போதும் தண்ணீர் பாட்டில் அசையாமல் நின்றது. என் கண்தான் ஸ்பீடாமீட்டர் முள்ளை விட்டு நகரவில்லை.

மெதுவாகப் போங்கள் என்று ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். கார் வாங்கிய புதிதில், அழகர்கோவில் போகும் வழியில். மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டி இறங்கி, சாவியை என் மடியில் வைத்தார். நீங்களே ஓட்டுங்க மாமா என்றார், சிரித்துக்கொண்டேதான். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அதற்குப் பிறகு இருபது நாள் என் மகளோடு பேசவில்லை என்பது பாண்டியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் கார் ஏறுவதற்கு முன்பும் அவள் என்னைத் தனியாக இழுத்துப்போய், நீங்கள் வாயைத் திறந்தால் அனுபவிக்கப் போவது நம் மகள்தான் என்று எச்சரித்திருந்தாள்.

வாடிப்பட்டி தாண்டியதும் ஒரு லாரி வலது லேனைப் பிடித்துக்கொண்டு ஐம்பதில் போனது. இடது லேன் காலி. சட்டப்படி லாரிதான் இடதில் போகவேண்டும். ஆனால் லாரிக்காரன் ஒன்றும் மடையன் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் தோட்டம், நடுவில் தடுப்புச் சுவர். திரும்புகிற இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. யார் சுற்றிப் போவார்கள்? இடது லேனில் எதிர்த்தாற்போலவே வந்துவிடுவார்கள். அதனால்தான் லாரிகள் வலதை விட்டு நகர்வதில்லை. இடது பக்கமாக முந்துகிறவனுக்கு லாரிக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. மாப்பிள்ளை இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு இடதில் பாய்ந்தார்.

லாரியின் பாதி நீளம் கடந்ததும் எதிரே ஒரு மொபெட் தெரிந்தது. பின்னால் சோளத்தட்டைக் கட்டு. என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே என்ன பிரேக்கா இருக்கிறது? ரப்பர் விரிப்புதான். மாப்பிள்ளையும் ஒருவழியாக மிதித்தார். மொபெட்காரர் மண்ணில் இறங்கிச் சாய்ந்து நின்றார். பின் சீட்டில் அத்தனை கண்ணாடி வளையல்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

"பிரேக்கு எப்புடிப் பிடிச்சுச்சு பாத்தீங்களா மாமா?"

நல்ல வண்டி மாப்ள என்றேன். சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்புறம் வளையல் சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பாண்டீஸ்வரி ஒரு கையால் மேலே இருந்த பிடியை இறுக்கியிருந்தாள். இன்னொரு கை வயிற்றின் மேல்.

சமயநல்லூருக்கு முன்னால் ரோட்டு வேலை. வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. என் சர்வீஸில் டிராபிக் ஜாமைத் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு அதற்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போல இருந்தது. மாப்பிள்ளை மண்ணோரமாக நுழையப் பார்த்தார். ஒரு காய்கறி வண்டி மறித்து நின்றது. அந்த வண்டிக்காரன் நன்றாக இருக்க வேண்டும்.

பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. 'மாப்ள, பின்னால ரெண்டு உசுரு இருக்கு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. மசக்கையில் மகள் மூன்று மாதம் வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் துடைத்தவர். சொன்னால் கேட்டாலும் கேட்பார்.

"மாப்ள" என்றேன்.

"என்னா மாமா?"

முழுசாக என் பக்கம் திரும்பினார். பின்னால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"டீ சாப்பிடுறீங்களா?"

வேண்டாம், லேட்டாகிவிட்டது என்றார். எதற்கு லேட் என்று யாரும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வழி விட்டார்கள். பரவைக்கு இருந்த கொஞ்ச தூரத்திலும் மாப்பிள்ளை விட்ட நேரத்தைப் பிடித்தார்.

வீட்டில் நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, மகளிடம் மாத்திரையை மறக்காதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பாண்டியம்மாள் ஆரத்தித் தட்டைக் கழுவி முடிப்பதற்குள் போன் வந்தது. திண்டுக்கல் போய்ச் சேர்ந்துவிட்டாராம். முப்பத்தெட்டு நிமிஷம்.

நான் கட்டிலில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கால் கல்லாக இறுகியிருந்தது. பாண்டீஸ்வரி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து தைலத்துக்குக் கை நீட்டினாள். காலையில் வளைகாப்பு மனையில் வெகுநேரம் உட்கார்ந்ததால் கால் வீங்கிவிட்டதா என்று கேட்டேன்.

"வீக்கம் இல்லப்பா. அவரு கார்ல எங்க போயிட்டு வந்தாலும் இப்படித்தான். இந்த வலது கால் மட்டும்."

அவள் கை வைத்துக் காட்டியது எனக்கு வலித்த அதே இடம். அவளும் வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவருகிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான ஆத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"மாப்ளன்னு கூப்பிட்டீங்கள்ல, நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேம்ப்பா. டீ கேட்டீங்க."

தைல பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். அதே காரில்தான்.