காலிதீன் காக்காவின் விரல்

ஷரிபுதீனுக்குப் பழைய தூண்டில் சாமான் என்றால் உயிர். தபால் கந்தோரில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கல்முனைச் சந்தையின் பழைய இரும்புக்காரர் ஒருவரையும் அவர் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. பித்தளை வளையம், தங்கூசி நூல் சுற்றும் மரக்கட்டை, தக்கை மிதவை என்று பிஸ்கட் டின்களில் நிறைத்து வைத்திருந்தார். அலுமாரிக்குள் பூட்டி அழகு பார்க்கிற ஆளும் அல்ல. வெள்ளிதோறும் அசர் தொழுதுவிட்டு ஒரு டின்னோடு கடற்கரைக்குப் போய்விடுவார். "மீன் புடிக்கப் போறாரா, சாமானுக்குக் காத்து வாங்கிக் குடுக்கப் போறாரா?" என்று மனைவி ஜெனூபா சிரிப்பாள்.

ஒன்றை மட்டும் கூடவே கொண்டு போவாரே தவிர, தண்ணீரில் இறக்கியதில்லை. அது சுனாமியில் போன அண்ணன் காலிதீன் காக்கா தூண்டிலுக்கென்று வார்த்த ஈயக்குண்டு. ஈர மணலில் பெருவிரலை அமுக்கிக் குழி போட்டு, உருக்கிய ஈயத்தை அதற்குள் ஊற்றி வார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆறினால் அச்சொட்டாக ஒரு விரல். வீட்டோடு படங்களும் போன பிறகு காக்காவின் உடம்பென்று மிஞ்சியது அந்த விரல்தான். அதைப் பொத்திப் பிடிக்கும்போதெல்லாம், காக்காவின் விரல் பிடித்துக் கடலுக்கு நடந்த பிள்ளையாகிவிடுவார்.

போன வெள்ளி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். தடவித் தடவிக் கட்டியதில் அந்தக் குண்டே தங்கூசியில் ஏறிவிட்டது. அலையைத் தடுக்கப் போட்டிருந்த கல்லில் மாட்டி, இழுத்த இழுப்பில் அறுந்தும் போயிற்று. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அன்றிரவு அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் பாண்டிருப்புக்குச் சைக்கிளை மிதித்தார். காக்காவோடு ஒரே தோணியில் மீன்பிடிக்கப் போய்வந்த கனகசிங்கத்திடம் அப்படியொரு குண்டு கிடக்கலாம். சுனாமிக்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் ஷரிபுதீன் தலைகாட்டியதே இல்லை. முதலில் துக்கம் தடுத்தது, பிறகு கூச்சம்.

கனகசிங்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "என்னட்ட ஒண்டும் மிஞ்சல்ல தம்பி. எல்லாம் கடலோட போயிற்று." சற்றுத் தயங்கினார். "அது காக்காட விரலும் இல்ல. மண்ணில அமுக்கிறது நான். ஈயத்த ஊத்திறதுதான் அவர்."

இத்தனை வருடமும் பொத்திப் பிடித்தது வேறொருவரின் விரலையா? ஷரிபுதீனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அப்ப காக்காட எண்டு ஒண்டுமே இல்லியா அண்ணன்?"

"ஏன் இல்ல?" கனகசிங்கம் வலக்கையை நீட்டினார். பெருவிரலின் அடியில் வெளிறிய பெரிய தழும்பு. "ஒருநாள் நான் விரல எடுக்க முதலே ஊத்திப்போட்டார். பொல்லாத அவசரக்காரன். பிறகு அவரே அழுதழுது மருந்து கட்டினார். நாப்பது வருசத்துக்கு மேல ஆகிற்று."

ஷரிபுதீன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சந்தை சந்தையாகப் பழைய சாமான் தேடி அலைந்த மனிதருக்கு, சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த இந்தக் கையைத் தேடி வரத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"இருவது வருசம் அண்ணன். ஒருநாளாவது நான் வந்திரிக்கலாம்."

"ஓம் தம்பி," என்றார் கனகசிங்கம். "வந்திரிக்கலாம்."