பாகாலாவுக்குப் போன அடுப்பு

"ஆபீசுல இருந்து வர்றவங்க கேட்டா தெனம் இதுலதான் ஆக்குறேன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத," என்று மருமகள் ஸ்ரீதேவியிடம் சீறினாள் வெங்கடம்மா. பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் இரவல் வாங்கி வந்த கரண்ட் அடுப்பைச் சமையல் மேடையில் வைத்து, முந்தானையால் துடைத்தாள்.

ஸ்ரீதேவி பின்பக்கக் கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த விறகைத் தண்ணீர் தெளித்து அவித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். கண்கள் எரிந்தன.

புகையில்லாச் சமையல் திட்டத்தில், அவள் பெயருக்குத்தான் அந்த வீட்டுக்கு அடுப்பு வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் நாத்தனார் தாட்சாயணிக்கு பாகாலாவில் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சீரில் கரண்ட் அடுப்பும் வேண்டும் என்றார்கள். "பேரு உன்னுதா இருந்தா இன்னா, வூடு என்னுது," என்று வெங்கடம்மா அதைச் சீர்ப் பாத்திரங்களோடு வேனில் ஏற்றினாள். ஸ்ரீதேவியின் புருஷன் சாய்குமார் குனிந்த தலை நிமிரவில்லை.

"நீ எதுனா உளறி, ஆபீசுக்காரங்க பாகாலாவுக்குப் போயி அடுப்பைக் கேட்டா, என் பொண்ணத் திருப்பி அனுப்சிடுவாங்க. அந்தப் பாவம் உனுக்குத்தான்," என்றாள் வெங்கடம்மா.

பாவம் என்ற அந்த ஒரு சொல்தான் ஸ்ரீதேவியை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தது. உள்ளறையில் மகள் தரணியின் மூச்சிழுப்புச் சத்தம் கேட்டது. குழந்தை பக்கத்தில் புகையே ஆகாது என்று புத்தூர் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. திட்டத்தின் பலனை ஆராயத் திருப்பதியிலிருந்து வந்த சிவசங்கரி உள்ளே நுழைந்தாள்.

"ரண்டம்மா, கூர்ச்சோண்டி," என்று தெலுங்கில் உட்காரச் சொன்னாள் வெங்கடம்மா.

"தமிழ்லயே பேசலாம்மா. நானும் வரதய்யபாளையத்துத் தமிழ்தான்," என்று சிரித்த சிவசங்கரி, அடுப்பைத் திருப்பி அடியில் இருந்த நம்பரைக் கையிலிருந்த லிஸ்டில் தேடிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது கமலம்மா வூட்டு அடுப்பாச்சே. உங்களுது எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்குது," என்றாள் வெங்கடம்மா.

"எரியாத அடுப்பு எப்டிம்மா ரிப்பேராகும்? உள்ள ஒரு சிப் இருக்குது. பிளக்குல சொருகினா ஆபீசுல தெரிஞ்சிடும். உங்க அடுப்ப குடுத்ததுல இருந்து ஒரு நாளுகூட யாரும் போடல."

"போடலையா?" வெங்கடம்மாவின் குரல் உயர்ந்தது. "பொய் சொல்லாத! என் பொண்ணு பாகாலாவுல அதுலதான் சமைச்சிக்கினு கீறா!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஆனாலும் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மகளுக்குப் போன் போட்டு, சரியாகக் காது கேட்காததால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"தாட்சாயணி, அந்தக் கரண்ட் அடுப்பு எரியுதாடி?"

பதிலுக்கு முதலில் இருமல்தான் வந்தது. ஸ்ரீதேவிக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். அவளுடைய மார்பிலும் அதே இருமல்தான் குடியிருந்தது.

"எங்கம்மா... பெட்டியே பிரிக்கல. எங்க நாத்தனா கல்யாணத்துக்குச் சீரு வெக்கணும்னு பரண்மேல போட்டுட்டாங்க. நான் வெறகுதான் ஊதிக்கினு கீறேன். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

வெங்கடம்மா போனை அணைத்துக் கீழே வைத்தாள். யாருக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு புகை குடித்தோம் என்று ஸ்ரீதேவிக்கு நெஞ்சு கொதித்தது. அதே நெஞ்சில் தாட்சாயணிக்காக இரக்கமும் சுரந்தது.

சிவசங்கரி தயங்கினாள். "கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்குது. இந்த அடுப்பால உங்க வூட்ல யாருக்கு இன்னா பலன்?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க மேடம். எங்க ரெண்டு பேரையும் சேர்த்து எழுதுங்க, தாட்சாயணியையும் என்னையும்," என்றாள் ஸ்ரீதேவி. "வாங்க, நான் ஆக்குற எடத்தைக் காட்றேன். போட்டோ புடிச்சிக்குங்க."

பின்கதவை விரியத் திறந்தாள். வெங்கடம்மா தடுக்கவில்லை.