மயில் வாகனத்தில் பூத்த வெள்ளை

முத்துக்கிருஷ்ணன் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் வேலை நடக்கவேண்டுமே என்று சொன்னது.

அகரம் பக்கத்து முருகன் கோயிலில் இருநூறு வருஷத்து மர மயில் வாகனம் உளுத்துப்போய், தட்டினால் மாவாக உதிர்ந்தது. போரான் உப்பைத் தண்ணீரில் கரைத்து மூன்று தரம் பூசினால் வண்டு சாகும், மரம் பிழைக்கும். பழைய மரங்களுக்கு இப்படி வைத்தியம் பார்ப்பதுதான் அவன் தொழில். ஆனால் சாமி ஏறுகிற வாகனத்தில் விஷ உப்பா என்று தர்மகர்த்தா ரங்கசாமி முகத்தைச் சுளிப்பாரே! மூலிகைக் கஷாயம் என்று சொல்லிவைத்தான். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நத்தத்துக்கு வேறு வேலையாகப் போனவன், நாலு நாள் அங்கேயே தங்கிவிட்டான். சோம்பலுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

திரும்பி வந்தால் கோயில் வாசலில் ஊரே நிற்கிறது. வாகனத்தில் திருநீறு பூத்திருக்கிறதாம்! கழுத்து, தோகை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பூசாரி அதைச் சுரண்டி, வரிசையில் வந்தவர்களின் நெற்றியில் பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் போகக்கூடாத உப்பு அது. கத்தத்தான் வாயெடுத்தான். உண்மை தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டம் கலையட்டும், ரங்கசாமியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றான், பாவி.

அப்போது வரிசையிலிருந்து அவன் மனைவி அம்பிகா வந்தாள். எட்டு வருஷம் தவம் கிடந்து தங்கிய கரு, இப்போது நாலு மாதம். நெற்றி நிறைய அந்த வெள்ளை.

"என்னங்க, நீங்க தொட்ட மரத்துலதான் சாமி வந்திருக்கு. நேர்ல பாக்கட்டும்னு போன்ல சொல்லல. பிள்ளைக்கு நல்லதுன்னு மூணு நாளா வெறும் வயித்துல திங்கிறேன்."

அவன் பாய்ந்து பூசாரியின் கையைத் தட்டிவிட்டான்.

"அது திருநீறு இல்ல, வண்டு கொல்ற உப்பு. நான்தான் பூசினேன். தின்னவுக எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

கஷாயம்னு சொன்னியேப்பா என்று ரங்கசாமி முனகினார். அம்பிகாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒருத்தி அழுதுகொண்டு ஓடிவந்து ஏறினாள். குழந்தையின் உதட்டிலும் வெள்ளை.

திண்டுக்கல் ரோடு வரைக்கும் அம்பிகா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் குழந்தையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்க வந்து செத்த நேரமா அங்கனதான் நின்னீக, நான் பாத்தேன். வரிசையில நான் இல்லாட்டி சொல்லியிருப்பீகளா?"

அவன் கையை நீட்டி அந்தக் குழந்தையின் உதட்டைத் துடைத்தான்.